ஊளையை அறுக்கும் விரல்

கல்யாண மண்டபத்தில் கச்சேரிக்கு முன், மைக் செட் அண்ணன் ஈக்வலைசர் முன்னால் உட்காருவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. 31 ஸ்லைடர்கள், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 வரை; ஒவ்வொன்றும் ஒரு அதிர்வெண்ணுக்கு, மூன்று ஸ்லைடர் தள்ளிப் போனால் அது இரட்டிப்பாகும். எல்லாவற்றையும் நடுக்கோட்டில் நிறுத்திவிட்டு ஒலியை மெல்ல ஏற்றுவார். மைக் ‘கூ’வென்று ஊளையிடத் தொடங்கும். தலையைச் சாய்த்துக் கேட்பார். விரல் நேராக 2,500-க்குப் போய் ஒரு நூல் இறக்கும். ஊளை அறுந்துவிடும். எந்த மீட்டரும் பார்க்காமல், வெறும் காதால்!

அவர் ஏற்றுவது அபூர்வம், இறக்குவதுதான் வேலை. 250 பக்கம் கொஞ்சம் குறைத்ததும் மண்டபத்தின் குமுறல் விலகி, பாடுகிறவரின் சொல் தெளிகிறது. கூட்டம் நிரம்பியதும் உடம்பும் பட்டுச்சேலையும் கீச்சொலியை உறிஞ்சிவிடும். அதனால் முதல் பாட்டு முடிவதற்குள் மறுபடி வந்து தொடுவார்.