வயலின் பெயர், கவிஞனின் பெருமூச்சு

வயல்களின் பழைய பெயர்களை அடுக்கிவிட்டுக் கடைசி வரியில் பெருமூச்சு விடும் கவிதைகள் அதிகமாகிவிட்டன. இந்தப் பெருமூச்சு யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது.

எடமலைப்பட்டி புதூரில் என் பாட்டி ஆலமரத்துக் கொல்லை, மூலை வயல் என்று இரண்டு பெயர்கள் சொல்வாள். எனக்கு விவரம் தெரிந்தபோது ஆலமரம் இல்லை. மூலை வயல் மனைகளாகியிருந்தது. பெயர் வைத்தவன் அழகைத் தேடவில்லை. மாட்டை எங்கே கட்டினாய் என்று கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னான். கேட்டவனுக்கும் அந்த மண் தெரியும் என்பதால் பெயர் நின்றது. 'புதூர்' என்பதும் இப்படித்தான். பழைய ஊரை அறிந்தவனுக்குத்தான் அது புது ஊர்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த எண் பெயரைக் கொன்றது என்பது நம் கவிஞர்களின் கட்சி. சென்னை மாகாணத்தில் 1858க்குப் பின் நடந்த அளவையில் சர்வே எண் பரவியது உண்மைதான். ஆனால் உத்திரமேரூர்ச் சோழர் கல்வெட்டுகளே, இன்ன பாதைக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதிரம் என்று நிலத்தை எண்ணிட்டுச் சொல்கின்றன. தானத்தைப் பதிந்தவனுக்கு அப்போதே எண் தேவைப்பட்டது.

அயர்லாந்தை இங்கே துணைக்கு அழைப்பதும் சரியில்லை. 1824இல் தொடங்கிய பிரிட்டிஷ் நில அளவை அங்கே ஐரிஷ் பெயர்களை ஆங்கில ஒலிக்கு மாற்றி எழுதியது. 1980இல் மேடையேறிய பிரையன் ஃப்ரீலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகத்துக்கு அதுதான் களம். அங்கே பெரும்பாலோர் வாயிலிருந்து மொழியே போயிற்று. நமக்கு மொழி போகவில்லை. வயலில் இறங்குவதை விட்டோம். அவர்கள் துயரத்தை நாம் இரவல் வாங்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மீட்கப் போராடுகிறவர்கள் பழைய பதிவேட்டில் உள்ள எண்ணைத்தான் தேடுகிறார்கள். பெயர் ஊர்வாயில் இருந்தது. ஊர்வாய் யார் வாய் என்பது நமக்குத் தெரியாததல்ல. மூலை வயலில் நாற்று நட்டவர்கள் தங்களுக்குள் அதை வேறு பெயரால் அழைத்திருக்கலாம். நான் ஒருநாளும் அவர்களைக் கேட்டதில்லை.

இப்படிக் கேட்காமல் இருந்தது கவிதைக்குள் வருமானால் பெருமூச்சுக்கு அர்த்தம் உண்டு. அதுவரை இந்தப் பெயர் அடுக்கு வெறும் சொத்து விவரம்தான்.