வெட்டிப் பேச்சு - எவருடைய பேச்சு?

"வேலை வெட்டி இல்லாதவர்கள்! வெட்டிப் பேச்சுப் பேசுகிறார்கள்!"

பாடாலூர்ச் சாலையோரத்துத் தேநீர்க் கடையில் நான்கு இளைஞர் கூடினால் போதும். பெரியவர் எவரேனும் இத்தீர்ப்பை வழங்கிவிடுவார். வகுப்பின் கடைசி வரிசையில் முணுமுணுப்பு எழுந்தால், ஆசிரியராகிய நாமும் அச்சொல்லைத்தான் வீசுகிறோம். வீசுமுன் அதன் வரலாற்றை என்றேனும் எண்ணிப் பார்த்தோமா?

'வெட்டி' என்றால் வீண் என்பது மட்டுமே பொருளானால், 'வெட்டி இல்லாதவன்' பாராட்டுக்கு உரியவன் அன்றோ? அவனை ஏசுவானேன்? 'வேலை வெட்டி' என்ற இணையில் அச்சொல் உழைப்பைக் குறிக்கிறது. கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பே வெட்டி. 'விஷ்டி' என்ற வடசொல்லோடு தொடர்புடையது அது என்பர் அறிஞர். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளின் பெயர்களோடு வெட்டியும் அடிக்கடி வருகிறது. அண்டையிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தை அண்ணாந்து பார்த்துப் பூரிக்கும் நாம், அக்காலத்துக் கூலியில்லா உழைப்பையும் சற்றே குனிந்து பார்த்தல் வேண்டும்.

மன்னர்கள் மறைந்தனர்; வெட்டி மறையவில்லை. நிஜாம் ஆட்சியில் தெலுங்கானா உழவரை வாட்டிய 'வெட்டிச் சாக்கிரி', 1946இல் மூண்ட கிளர்ச்சிக்குக் காரணங்களுள் ஒன்று. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் பெயர் சொல்லிச் சுட்டும் முறைகளில் பண்ணையாள், படியாள் ஆகியவற்றோடு வெட்டியும் உண்டு. ஊருக்கு ஊழியம் செய்து, பிணம் எரித்தவரை 'வெட்டியான்' என்றழைத்த சாதிச் சமுதாயம், அப்பெயரையே இழிவாக்கியது.

உழைத்தவனுக்குப் பயன் கிட்டாத வேலை, வெட்டிவேலை. பயனை அள்ளிச் சென்றவன் ஒருவன். 'வீண்' என்ற பழியைச் சுமந்ததோ உழைத்தவனின் சொல்!

வீண்பேச்சுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. வள்ளுவர் 'பயனில சொல்லாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அவர் பேச்சைப் பயன்கொண்டு அளந்தார். நாமோ ஆளைக்கொண்டு அளக்கிறோம். எந்த வீட்டுப் பெண் எவரோடு பேசினாள் என்று திண்ணையில் துருவினால் அது 'ஊர் நியாயம்'. பருத்தி எடுத்த கூலி ஏன் குறைந்தது, சின்ன வெங்காயத்தின் விலையை எவர் முடிவு செய்கிறார் என்று இளைஞர் கேட்டால் அது 'வெட்டிப் பேச்சு'! தேநீர்க் கடையிலும், முடிதிருத்தகத்திலும், படிப்பகத்திலும் பேசிப் பேசி வளர்ந்ததே நம் பகுத்தறிவு இயக்கம். அன்றும் அதனை வீண்பேச்சென்று எள்ளியோர் உண்டு.

ஆகவே தோழர்களே, பேச்சு வீணானால் 'வீண்பேச்சு' என்றே சொல்லுவோம். அதையும் கேட்டபின் சொல்லுவோம். கூலியின்றி உழைத்தோரின் துயரைச் சுமக்கும் சொல்லை, கூலி கேட்போரின் வாயை அடைக்க எறிய வேண்டா. கடைசி வரிசை முணுமுணுத்தால் நாம் இனிக் கேட்க வேண்டியது ஒன்றே: "என்ன பேசினீர்கள்? எங்களுக்கும் சொல்லுங்கள்."