ஒளியும் மணலும்

கருவி கலையாகுமா என்னும் வினாவுக்கு, 1967இல் மெக்சிகோவில் பிறந்து மாண்ட்ரியலில் வாழும் ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் படைப்புகளை உரைகல்லாகக் கொள்வோம்.

2006இல் அவர் படைத்த 'துடிப்பு அறை'யில் மின்குமிழ்கள் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. கைப்பிடியைப் பற்றுவோரின் இதயத்துடிப்புக்கு இசைய ஒரு குமிழ் ஒளிரும். அடுத்தவர் வந்ததும் அத்துடிப்பு அடுத்த குமிழுக்கு நகரும். வரிசை நிறைந்தபின் பழையது மறையும். நிலையாமையைச் சொல்லின்றி உணர்த்தும் உத்தி இது.

2019 நவம்பரில் அமெரிக்காவின் எல் பாசோவுக்கும் மெக்சிகோவின் ஹுவாரெசுக்கும் இடையே தேடொளிகளால் வானில் பாலம் சமைத்தார். இருகரையாரின் கதிர்கள் சந்தித்தபோது அவர்தம் ஒலிவாங்கிகள் இணைந்தன. எல்லை கடப்போரைத் தேடிப் பிடிக்கும் ஒளியே குரல் செல்லும் வழியாயிற்று. எனினும் குரல் கடந்த எல்லையை உடல் கடக்கவில்லை. சில நாள்களில் விளக்குகளும் அணைந்தன. இதனைக் குறையென்பார் உளர். நாம் அவ்வாறு கருதோம். பிறந்த ஊருக்குக் குரலை மட்டும் அனுப்பி வாழும் துயரம் நமக்குப் புதிதன்று. அப்படைப்பு பிரிவைத் தீர்ப்பதாகப் பொய்யுரைக்கவில்லை. அதன் நீளத்தை அளந்து காட்டியது.

2020இல் தொடங்கிய 'மணற்கடிகாரத்தின் விரிசல்' வேறுவகை. கொரோனாவில் மறைந்தோரின் முகங்களை இயந்திரம் மணலால் வரைய, முடிந்ததும் மணல் சரிந்து அடுத்த முகத்துக்குப் பயன்பட்டது. எல்லா முகங்களும் ஒரே முறையில் எழுவதால் தனித்துயரம் வெறும் எண்ணிக்கையாகும் இடர் இங்குண்டு. உறவினர் அனுப்பிய நிழற்படமும் அஞ்சலிச் சொற்களுமே அதைக் காக்கின்றன.

ஆகவே கருவி தானே கலையாவதில்லை. மனிதர் தம் துடிப்பையும் குரலையும் நினைவையும் அதனிடம் ஒப்படைக்கும்போதே அது கலையாகிறது என்பது நம் துணிபு.