காட்டாத பேய்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. பேய்ப் படம் எடுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பேயைக் காட்டுவது அவர்கள் வேலை அல்ல. நம்மை அரண்டவர்களாக ஆக்குவதுதான் வேலை. அதைச் செய்துவிட்டால் பாக்கியை இருட்டு பார்த்துக்கொள்ளும்.

ழாக் டூர்னூர் என்ற டைரக்டருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1942-இல் அமெரிக்காவில் அவர் எடுத்த 'கேட் பீப்பிள்' சொற்பச் செலவில் தயாரான படம். ஆசையோ கோபமோ மிஞ்சினால் தான் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று அஞ்சும் ஒரு பெண்ணின் கதை. அவள் கணவனோடு வேலை பார்க்கும் ஆலிஸ் ஓர் இரவு நீச்சல் குளத்துக்குத் தனியாகப் போகிறாள். உறுமல் கேட்கிறது. பயந்துபோய்த் தண்ணீரில் குதித்துவிடுகிறாள். அதற்குப் பிறகு காமிரா செய்வது மிகக் கொஞ்சம். நீரில் பட்ட வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் நெளிகிறது. அந்த நெளிவுக்கிடையே ஒரு நிழல் நகர்கிறது. நடுக்குளத்தில் தத்தளிக்கிறவள் எந்தப் பக்கம் திரும்புவாள்? நாமும் அவளோடு சுவர் சுவராகத் தேடுகிறோம். விளக்கைப் போட்டதும் கரையில் நிற்பது அந்தப் பெண்தான். ஆனால் ஆலிஸின் அங்கி நார்நாராகக் கிழிந்து கிடக்கிறது.

அதே டூர்னூர் 1957-இல் இங்கிலாந்தில் எடுத்த 'நைட் ஆஃப் த டெமன்' படத்தில், ஆரம்பத்திலேயே ஒரு ராட்சத உருவம் புகையிலிருந்து எழுந்து நிற்கிறது. அதை அப்படிக் காட்ட அவர் விரும்பவில்லை. தயாரிப்புத் தரப்புதான் பிடிவாதமாகச் சேர்த்தது. பலன் என்ன? பார்த்த மறுகணமே அதன் உயரத்தையும் பல்லையும் நிதானமாக மதிப்பிட ஆரம்பித்துவிடுகிறோம். பயந்தவன் மதிப்பிட மாட்டான்.

அப்படியானால் உருவத்தைக் காட்டவே கூடாதா? காட்டலாம். எவ்வளவு தூரத்திலிருந்து, யாருடைய கண் வழியாக என்பதுதான் கேள்வி. ஹென்றி ஜேம்ஸின் குறுநாவலை வைத்து ஜாக் கிளேட்டன் 1961-இல் எடுத்த 'தி இன்னஸன்ட்ஸ்' படத்தில், பட்டப்பகலில், ஏரிக்கு அக்கரையில், நாணல்களுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒருத்தி நிற்கிறாள். அசைவே இல்லை. கிட்டப் போய்ப் பார்க்கக் காமிரா நம்மை விடுவதில்லை. இரவுக் காட்சிகளுக்கோ, ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃப்ரான்ஸிஸ் ஃபில்டர்களின் ஓரங்களில் வர்ணம் பூசிக்கொண்டார். அகலத் திரையின் நடுவில் மெழுகுவத்தி வெளிச்சம், இரு ஓரமும் இருட்டு. நம் கண் நடுவில் தங்காமல் ஓரத்துக்கே ஓடுகிறது.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியை பேயை நிஜமாகப் பார்க்கிறாளா, கற்பித்துக்கொள்கிறாளா என்று கடைசிவரை நம்மால் தீர்மானிக்க முடிவதில்லை. அவளுக்கோ சந்தேகமே கிடையாது. காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அந்தச் சிறுவனை அவள் நெருக்கும்போது நமக்கு வயிறு கலங்குகிறது. அப்போது நாம் பயப்படுவது பேய்க்கு அல்ல, அவளுடைய நிச்சயத்துக்கு.

நாவல் எழுதுகிறவனுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. 'பயங்கரமான', 'கோரமான' என்று அடைமொழிகளை அடுக்குகிறவன், ராட்சதனைத் திரைக்கு இழுத்து வந்தவர்களின் கட்சி. வாசகனிடம் அவனுக்கு நம்பிக்கை இல்லை. சாத்திய கதவு திறந்திருந்தது என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக ஒரு துணிச்சல் வேண்டும்.