குளங்களின் பெயரும் படவரைவு மென்பொருளும்

மாங்குளச் சந்தியிலே கண்டி–யாழ்ப்பாண வீதியிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே வெள்ளாங்குளத்துக்கும் வீதிகள் பிரிகின்றன. கனகராயன்குளம், வவுனிக்குளம் எனச் சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களிலும் குளமே நிற்கின்றது. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுக்குப் பின், காட்டோரச் சிறுகுளங்களின் பெயரறிந்த முதியோர் தொகை குறைந்து செல்வதே இயல்பு. அப்பெயர்களை எதிலே பதிவது என்பது வீண் வினாவன்று.

கூகுள் நிறுவனம் 2008இல் தொடக்கிய மாப் மேக்கரிற் பல நாட்டினரும் தத்தம் ஊர்களைக் கூலியின்றி வரைந்து கொடுத்தனர். கருவி இலகுவானது, மறுப்பதற்கில்லை. எனினும் 2017இல் நிறுவனம் அதனை மூடியபோது, வரைந்தோருக்குக் கருவியும் இல்லை, தரவின்மீது ஆட்சியும் இல்லை. 2004இல் இங்கிலாந்திலே தோன்றிய ஓப்பன்ஸ்ட்ரீட்மாப் இதனின்றும் வேறானது. அதன் மென்பொருளின் மூலநிரலும் திறந்தது. தரவும் 2012 முதல் திறந்த தரவுத்தள உரிமத்தின்கீழ் உள்ளது. மூலத்தைக் குறிப்பிட்டு, திருத்தி வெளியிடும் தரவையும் அதே உரிமத்தில் வழங்க இசைவோர் எவரும் முழுவதையும் எடுத்துச் செல்லலாம்.

கட்டற்றது என்ற ஒரே தகுதியுடன் அமைதி கொள்வோர் பலர். அத்தகுதி போதாது. ஐடி, ஜேஓஎஸ்எம் என்னும் வரைவுக் கருவிகள் இரண்டும் திறந்த மூலத்தனவே. முன்னதை ஒரு மாலைப்பொழுதிற் பழகிக்கொள்ளலாம். ஆயின் அது உலாவியில் இயங்குவது, இணைய இணைப்பை நம்பியிருப்பது. பின்னது பயிற்சி வேண்டுவது. ஆயினும் ஒரு பகுதியின் தரவை முன்னரே இறக்கிக் கணினியிற் சேமித்து, இணைப்பின்றித் திருத்திப் பின்னர் ஏற்ற இடமளிக்கின்றது. இணைப்பு விட்டுவிட்டு வரும் கிராமத்துக்கு எது உகந்தது என்பதை உரிமப் பத்திரம் சொல்லாது.

இன்னும் ஆழமான குறை சொற்களிலே உள்ளது. குளத்தின் பெயரைத் தமிழெழுத்தில் எழுதலாம். ஆனால் அது எவ்வகைப் பொருள் என்று குறிக்கும் சொற்கள் ஆங்கில வழக்கிலேயே அமைந்தவை. குளக்கட்டு, துருசு, வான் ஆகியவற்றுக்கு ஒருவாறு ஒத்த குறிகள் கிடைக்கும். அலைகரைக்கு என் செய்வது? மாரியிலே நீர் பரந்து, கோடையிலே மாடு மேயும் அந்நிலம் நீருமன்று, வெறுந்தரையுமன்று. புதுக்குறி ஒன்றை ஆக்குதற்கு மென்பொருள் தடையாயில்லை. பலர் வழங்கினால் அது நிலைக்கும். மாப் மேக்கரில் இல்லாத வசதி இதுவே. அவ்வாறு எவரும் முனையாதவிடத்து அலைகரை படத்தில் வெற்றிடமாகவே தோன்றும்; வெற்றிடத்தைக் காணி தேடுவோர் எவ்வாறு வாசிப்பர் என்பது வன்னிக் கமக்காரருக்குத் தெரியாததன்று.