கடலுள் மறைந்த மீனவன்

கிரேக்கத் தொன்மங்களில் கடல் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. பொசைடனின் பேராட்சிக்குக் கீழே நெரேயுஸ், புரோட்டேயுஸ், டிரைட்டன் எனச் சிறு தெய்வங்கள் பலர் உலவுகின்றனர். அவர்களுள் கிளாக்கஸ் நம் கவனத்தைத் தனியே ஈர்க்கிறான். அவன் தெய்வமாகப் பிறந்தவன் அல்லன். பெயோஷியா நாட்டின் கரையோர ஊராகிய அந்தேடோனில் வலை வீசிப் பிழைத்த மீனவன். மனிதன் மனித நிலையைக் கடக்க இயலுமா, கடந்தால் அவன் எதுவாகிறான் என்னும் வினாவை இந்த எளிய மீனவன் வழியாகவே மூன்று பேராசிரியர்கள் எழுப்பியிருக்கின்றனர். அவர்களின் விடைகளை ஒப்புநோக்குவது நமக்குப் பயன் தரும்.

கதையை விரிவாகத் தருபவர் உரோமைக் கவிஞர் ஓவிட். 15 நூல்களாக அமைந்த அவருடைய ‘உருமாற்றங்கள்’ என்னும் காப்பியத்தில் 13ஆம் நூலின் இறுதியிலும் 14ஆம் நூலின் தொடக்கத்திலும் இக்கதை இடம்பெறுகிறது. ஆடுமாடு மேயாத ஒரு புல்வெளியில் கிளாக்கஸ் தான் பிடித்த மீன்களைப் பரப்புகிறான். புல் பட்டதும் அவை உயிர்பெற்றுத் துள்ளிக் கடலில் பாய்கின்றன. வியப்புற்ற மீனவன் அப்புல்லைச் சுவைக்கிறான். உடனே வேறோர் இயல்பின் மேல் அவனுக்குத் தாங்கொணா ஏக்கம் பிறக்கிறது. நிலத்திற்கு விடைசொல்லிக் கடலில் குதிக்கிறான். ஒன்பது முறை ஓதிய மந்திரத்தாலும் நூறு ஆறுகளின் நீராலும் கடல் தெய்வங்கள் அவனுடைய மனிதத் தன்மையைக் கழுவிக் களைகின்றன.

ஆனால் களையப்படாத ஒன்று எஞ்சிவிடுகிறது. தெய்வமான பின்னும் அவன் ஸ்கில்லா என்னும் கன்னியின் மேல் மோகம் கொள்கிறான். அவளோ அஞ்சி ஓடுகிறாள். அவள் மனத்தை மாற்றித் தருமாறு மாயக்காரி கிர்க்கேயை நாடுகிறான். கிர்க்கே அவனையே விரும்புகிறாள். அவன் மறுக்கவே, சினந்து ஸ்கில்லா நீராடும் குளத்தில் நஞ்சு கலக்கிறாள். அப்பெண்ணின் இடைக்குக் கீழ் குரைக்கும் நாய்கள் முளைக்கின்றன. கிளாக்கஸ் அழுகிறான், ஆயினும் அவளை மீட்க அவனால் முடியவில்லை. அவன் சாவை வென்றான், தன் ஆசையை வெல்லவில்லை. அதற்கு விலை கொடுத்தவள் குற்றமற்ற ஒருத்தி.

ஓவிடுக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முற்பட்ட பிளாட்டோ ‘குடியரசு’ நூலின் 10ஆம் பகுதியில் இம்மீனவனை வேறு விதமாகக் காண்கிறார். நெடுங்காலம் கடலில் கிடந்ததால் கிளாக்கஸின் உறுப்புகள் சில முறிந்தும் சில தேய்ந்தும் போயின. சிப்பியும் பாசியும் கல்லும் அவன் மேல் ஒட்டி வளர்ந்தன. மனித உருவே மறைந்து விலங்கு போல் தோன்றுகிறான். உடலோடு வாழும் நம் ஆன்மாவின் நிலையும் இதுவே என்கிறார் பிளாட்டோ. ஞானத்தின் மேல் அது கொண்ட காதலைப் பார்த்தால்தான் அதன் மெய்யியல்பு விளங்கும் என்பது அவர் கருத்து. ஓவிடுக்கு உயர்வாகத் தொடங்கும் கடல்வாழ்வு இங்கே சீர்கேடாகிறது. உவமை ஆழமானது, எனினும், படிந்த பாசியை அகற்றுவது யார் என்னும் வினாவுக்கு ஆன்மாவின் சொந்த நாட்டத்தையே அது விடையாகச் சுட்டுகிறது. நம் இயலாமையை அறிந்த எவருக்கும் இவ்விடை முழு நிறைவு தராது.

மூன்றாமவர், 1321இல் மறைந்த தாந்தே. ‘தெய்வீக இன்பியல்’ காப்பியத்தின் விண்ணகப் பகுதியில், முதற் காண்டத்திலேயே கிளாக்கஸ் வருகிறான். கதிரவனை நோக்கும் பெயாத்ரிசேயைத் தாந்தே நோக்குகிறார். புல்லைச் சுவைத்த மீனவனைப் போல் உள்ளே மாறுகிறார். மனித நிலை கடத்தலைக் குறிக்க ஒரு புதுச்சொல்லையே படைத்துவிட்டு, அதனைச் சொற்களால் விளக்க இயலாது என்றும் ஒப்புகிறார்.

ஸ்கில்லாவைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இல்லை. கதையின் இனிய பாதியை எடுத்துக்கொண்டு கசந்த பாதியைத் தாந்தே விட்டுவிட்டார் என நாம் குறைகூறலாமா? காப்பியத்தின் அமைப்பை நோக்கினால் விடை கிடைக்கிறது. இம்மாற்றத்துக்கு முன் நரகத்தில் 34 காண்டங்களும் உத்தரிக்கும் தலத்தில் 33 காண்டங்களும் கடந்துவிட்டன. ஆணவம் முதல் காமம் ஈறாக ஏழு படிகளில் ஆசைகள் செம்மையுற்ற பின்னரே தாந்தே விண்ணகத்தை நோக்குகிறார். ஓவிடின் மீனவனுக்கு உடல் மாறியது, உள்ளம் அப்படியே நின்றது. தாந்தேயில் உள்ளம் திருந்திய பின்னரே உயர்வு வருகிறது. அருள் மனித இயல்பை அழிக்காமல் நிறைவாக்குகிறது எனப் புனித தாமஸ் அக்வினாஸ் கற்பித்தது இங்கே காவியமாகியிருக்கிறது.

ஆகவே கலை நோக்கில் தாந்தேயின் கிளாக்கஸே நம்மை உயர்த்துகிறான் என்பது நம் முடிபு. ஆயினும் ஓவிடை நாம் மூடிவைத்துவிடலாகாது. புனித வாழ்வை நாடுவதாகச் சொல்லும் நாமும் பழைய ஆசைகளை உடன்கொண்டே புறப்படக்கூடும். அதனால் நம் அருகிருப்போர் காயப்படவும் கூடும். தாந்தேயோடு மேல்நோக்கிப் பார்க்கும் வாசகர், ஓவிடோடு ஒருமுறை அந்தக் குளக்கரையிலும் நிற்பது நலம்.