தாய்க்கலத்தின் தழும்பு

வெள்ளவத்தையில் பின்னேரமானால் காலி வீதிக் கடைகளில் அப்பச்சட்டி அடுப்பேறிவிடும். நல்ல அப்பத்துக்கு அடையாளம் கேட்டால் பலரும் ஓரத்து மொறுமொறுப்பைத்தான் சொல்வார்கள். நான் நடுவைப் பார்க்கிறவன். மெத்தென்று தடித்த அந்த நடுவைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், சின்னதும் பெரிதுமாய்த் துளைகள். அவற்றைப் போட்டவை உயிருள்ள கலங்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் 200இல் ஒரு பங்குதான் இருக்கும்.

பாடப்புத்தகத்தில் மதுவம், கடையில் ஈஸ்ட். கொட்டாஞ்சேனை பேக்கரிகளில் பாணை எழுப்புவதும் இதுவே. முந்திக் கள்ளு விட்டு மாவைப் புளிக்க வைத்தார்கள். தென்னங்கள்ளில் மதுவம் தானாகவே வந்து குடியேறியிருக்கும். இப்போது பைக்கற்று ஈஸ்ட் வேலையைச் சுலபமாக்கிவிட்டது. கள்ளப்பத்தின் வாசம் அதில் வராது என்பது என் கட்சி.

மதுவத்துக்கு அரிசிமாவின் மாப்பொருளை உடைக்கத் தெரியாது. மா கரைக்கும்போது ஒரு கரண்டி சீனி போடுவது அதற்காகத்தான். அந்தச் சீனியையும் அது அப்படியே விழுங்குவதில்லை. கலத்துக்கு வெளியே ஒரு நொதியத்தை அனுப்பி, இரண்டு சிறு வெல்லங்களாகப் பிளந்த பிறகே உள்ளே எடுக்கும். ஒரு குளுக்கோசு மூலக்கூறை நொதிக்கச் செய்தால் அதற்குக் கிடைக்கும் இலாபம், ஏ.ரி.பி. என்னும் சக்தி மூலக்கூறு இரண்டே இரண்டு. ஒட்சிசனோடு முழுதாக எரித்தால் இதைப்போலப் பல மடங்கு கிடைக்கும். ஆனாலும் சீனி தாராளமாக இருக்கும்வரை, ஒட்சிசன் இருந்தாலும், மதுவம் நொதித்தலைத்தான் நாடும். ஊதாரித்தனமா? இல்லை. வெளியேறும் எதனோல் போட்டிக்கு வரும் மற்ற நுண்ணுயிர்களை அடக்கிவிடும். சீனி தீர்ந்ததும் அதே எதனோலை மதுவம் தானே எடுத்து உண்ணும். என்ன கெட்டித்தனம்! கூடவே வெளியேறும் காபனீரொட்சைட்டுதான் நமக்குக் கிடைக்கும் துளை.

அது பெருகும் விதம் இன்னும் அழகு. நம் உடற்கலங்களைப்போல நடுவால் சரிபாதியாகப் பிரிவதில்லை; அரும்புகிறது. தாய்க்கலத்தின் ஓரத்தில் ஒரு சிறு மொட்டு எழும்பும். நல்ல உணவும் 30 பாகையை அண்டிய சூடும் இருந்தால், ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு மகள். கொழும்பின் புழுக்கம் நமக்குத்தான் தொல்லை, அதற்கு வரப்பிரசாதம். நம் கலம் பிரியும்போது கருவைச் சுற்றியுள்ள மென்சவ்வு உடைந்து மறையும். மதுவத்தில் அது உடைவதே இல்லை. 16 வகை நிறமூர்த்தங்களும் இரட்டித்தபின், கரு முழுசாகவே நீண்டு, தாய்க்கும் மொட்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய கழுத்துக்குள் நுழைகிறது, சின்னக் காப்புக்குள் கையைக் குவித்து நுழைப்பதுபோல. அந்தக் கழுத்தின் அகலம் ஒரு மைக்குரோமீற்றர் அளவுதான். நுழைந்த பிறகே கரு இரண்டாகும்.

மகள் பிரிந்த இடத்தில் தாயின் சுவரில் கைற்றினாலான வட்டத் தழும்பு ஒன்று நிலைத்துவிடும். அதே இடத்தில் மறுபடி அரும்பாது; அடுத்த மகளுக்கு வேறு இடம். ஒரு தாய் தன் ஆயுளில் இருபது, முப்பது மகள்களைப் பெறும். தழும்புகளை எண்ணினால் பெற்ற பிள்ளைகளின் கணக்குத் தெரிந்துவிடும். இதில் என்னை மயக்குவது வேறொன்று. பழுதடைந்த புரதங்களில் பெரும்பகுதியைத் தாய் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. மகள் தழும்பில்லாமல், தாயின் முதுமையைச் சுமக்காமல் புதிதாகத் தொடங்குகிறது. பிறக்கும்போது தாயைவிடச் சிறியது என்பதால் உடனே அரும்பாது. போதிய பருமன் வரும்வரை காத்திருக்கும்.

‘இனிப் பிரியலாம்’ என்று கலம் முடிவெடுக்கும் இந்தக் கட்டத்தை பேக்கரி மதுவத்திலேயே ஆராய்ந்தவர் அமெரிக்கரான லேலண்ட் ஹார்ட்வெல். 2001இல் போல் நர்ஸ், ரிம் ஹன்ற் ஆகியோருடன் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மதுவத்தில் கண்ட அதே வகைக் கட்டுப்பாடுகள் மனிதக் கலத்திலும் உண்டு. அவை குழம்பும்போது புற்றுநோய்க்கு வழி பிறக்கிறது. 1837இலேயே மதுவம் உயிருள்ளதென்று எழுதிய தியோடர் ஷ்வான்தான், இரண்டு ஆண்டுகள் கழித்து விலங்குகளின் உடலும் கலங்களால் ஆனது என்று நிறுவியவர்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கலப்பிரிவின் கட்டங்களை முன்னவத்தை, அனுவவத்தை என்று மனப்பாடம் செய்வதோடு நிற்க வேண்டாம். பொங்கிய அப்பமாவில் ஒரு துளியைத் தண்ணீரில் கரைத்து, பாடசாலை நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் பாருங்கள். கோணல்மாணலாகத் தெரிபவை அரிசியின் மாப்பொருள் மணிகள். அயடீன் விட்டால் கருநீலமாகும். முட்டை வடிவில், ஓரத்தில் சின்ன மொட்டோடு தெரிபவையே மதுவம். மெதிலீன் நீலம் விட்டால் செத்த கலம் நீலமாகும், உயிருள்ளது நிறமற்றே இருக்கும்.